ஒஸ்லோவுக்குப் போய் ஒரு வேலையை வாங்கி வந்தது

என்னை ஒஸ்லோவுக்கு அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கற்றுக்கொண்டு அதைச் சென்னைக்கு எடுத்துவர. எங்கள் அலுவலகத்தில் இதற்கு நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். அம்மாவிடம் டிரெய்னிங் என்று சொல்லிவைத்தேன். அம்மா தெருவில் புரமோஷன் என்று சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை.

விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாலைந்து நாட்டு விமானக் கம்பெனிகள் ஒரே குழுமமாகச் சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது. தலைமையகம் வேறு நாட்டில். ஒஸ்லோ அந்தக் குடும்பத்தில் நடு மருமகள் மாதிரி, கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் எதற்கும் பதில் வரும். அடுத்த கோடையிலிருந்து வடக்கே போகும் இரண்டு தடங்களைக் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது என்றும், ஒரு தூரத் தடத்தைத் தலைமையகத்திலிருந்தே ஓட்டுவது என்றும் முடிவாகியிருந்தது. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் யார் என்றைக்கு எந்த விமானத்தில் என்று வேலை போட்டுக் கொடுக்கும் மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். இனி மூன்று பேர் போதும். மீதி வேலை பெருங்குடியில் எங்கள் நான்காவது மாடிக்கு வரும்.

இதெல்லாம் தொலைபேசியில் பட்டன்கள் இருந்த காலம். நவம்பர் மாதம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் இறங்கினால் வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன். ஒரு அம்மாளிடம் ஓட்டலுக்கு வழி கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னுடன் நடந்து வந்தார். பத்து நிமிடம். ஓட்டல் வாசல் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். சென்னையில் நான்கு பேர் நான்கு வழி சொல்லி, அதில் இரண்டு பேருக்குள் சண்டையும் வந்திருக்கும். எது நல்லது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்துக்கு அருகிலிருந்த அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் ஹெல்கே பெரிய சிரிப்போடு என்னை ஒரு மேசைக்கு அழைத்துப் போனார். "உனக்குக் கற்றுத்தர உன் மொழி பேசுகிறவரையே போட்டிருக்கிறோம்" என்றார். அந்த ஏற்பாட்டில் அவருக்கு நிஜமான பெருமை இருந்தது.

"வணக்கம் தங்கச்சி. நேற்றே வந்தனீங்கள்?" என்றார் மேசையிலிருந்தவர். கண்ணாடி, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பெயர் சிவநேசன், பருத்தித்துறைக்காரர். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர்.

"ஆமா சார்."

"சார் வேண்டாம். இஞ்சை டைரக்டரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுறது. அண்ணை எண்டு சொல்லுங்கோ."

அண்ணை என்பது என் வாயில் வரவில்லை. அண்ணா என்றேன். அவர் ஒத்துக்கொண்டார்.

நான் எதிர்பார்த்து வந்தது கம்ப்யூட்டர் வேலை. எத்தனை மணி நேரம் பறந்தால் எத்தனை மணி நேரம் ஓய்வு என்பதை மெஷினே கணக்குப் போட்டுவிடும். மெஷினுக்குத் தெரியாதவை எல்லாம் சிவநேசன் அண்ணாவின் மண்டைக்குள் இருந்தன. ஈஸ்டருக்கு நோர்வேக்காரர் எல்லாரும் மலையிலுள்ள மரவீட்டுக்குப் போய்விடுவார்களாம். அங்கே போனில் சிக்னல் கிடையாது. திடீரென்று விமானி ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் காத்திருப்பில் உள்ளவரை எப்படிப் பிடிப்பது? அண்ணா பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"இவருக்குப் போன் அடிக்கக் கூடாது. பக்கத்துக் காணியிலை ஆடு வளக்கிற கிழவனுக்கு அடிக்கோணும். அவன் நடந்து போய்ச் சொல்லுவான். இருவது நிமிஷம் எடுக்கும்."

நான் எழுதிக்கொண்டேன். படி பதினான்கு: ஆடு வளர்ப்பவரை அழைக்கவும். அன்று மாலையே சென்னையிலிருந்து என் மேனேஜர் மெயில் போட்டார். பதினான்காவது படியைத் தயவுசெய்து சரிபார்க்கவும் என்று.

பதினொரு மணிக்கு மதியச் சாப்பாடு. நம்மூரில் அது இரண்டாவது காப்பிக்கான நேரம். எல்லாரும் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளை, நடுநடுவே காகிதம் வைத்து அடுக்கி, பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் கொடுத்தார்கள். பால்கோவா கிண்டும்போது யாரோ கை தவறி உப்பைப் போட்டுவிட்டது போலிருந்தது. அண்ணாவும் ரொட்டிதான் வைத்திருந்தார், ஆனால் உள்ளே டின் மீனை வெங்காயம், பச்சைமிளகாயோடு பிரட்டி வைத்திருந்தது. "மனிசி செய்தது" என்று, மனைவியைச் சொல்லி, எனக்கு ஒன்றை நீட்டினார். அந்த வாரம் முழுக்க நான் உயிரோடிருந்தது அந்த ரொட்டித் துண்டுகளால்தான்.

எதிரில் மரித் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய நோர்வேப் பெண்மணி, தபால் அலுவலகத்திலிருந்து இந்த வேலைக்கு வந்தவர். சாப்பிடும் நேரத்தில் பின்னல் ஊசியும் கையுமாக இருப்பார். அதிகம் பேசுவதில்லை. என் காலணியை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலை என் மேசைக்குக் கீழே ஒரு ஜோடி பனிக்காலணி இருந்தது. "என் மகளுடையது. அவளுக்குச் சின்னதாகிவிட்டது, உனக்குத்தான்" என்றார். எனக்கு இன்னும் அரை அளவு பெரிதாக இருந்தது. போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காப்பி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலைக்குச் சேர்ந்த தேதி. ஆட்குறைப்பு என்றால் அங்கே முதலில் வந்தவருக்கு முதலிடம். மேலே உள்ள மூன்று பேர் இருப்பார்கள், கீழே உள்ள ஐந்து பேர் போவார்கள். மூன்றாவது பெயர் மரித். நான்காவது பெயர் சிவநேசன், மரித்துக்குப் பதினோரு மாதம் பிந்திச் சேர்ந்தவர். தப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இந்த மாதிரித் தாள் மேலாளரின் இழுப்பறையில் இருக்கும், யாரை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வோம். இங்கே காப்பி பிடிக்க வந்தவர்கள் படித்தார்கள், சர்க்கரை போடாமல் குடித்தார்கள், போனார்கள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த எட்டுப் பேரில் ஆடு வளர்ப்பவரின் நம்பர் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் நான்காவது. அந்த வேலையைத்தான் நான் நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, விமானம் ஒன்று தரையிறங்கித் திரும்பக் கிளம்ப எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முப்பத்தைஞ்சு நிமிஷம் காணாது. எழுதிறவை ஒவ்வீசிலை இருந்து எழுதுவினம். பின் டொய்லெற் ரெண்டும் கழுவி முடிக்கவே பன்ரெண்டு நிமிஷம். கதவு வேறை இறுகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுற்றிலும் பார்த்தார். தமிழ் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. இருந்தும் குரலை இறக்கினார். "நான் கழுவினனான் தங்கச்சி. மூண்டு வருஷமும் சொச்சமும். அப்ப எயர்போர்ட் இஞ்சை இல்லை, ஃபோர்னெபுவிலை."

அந்தத் துப்புரவுக் கம்பெனி அப்போது இதே குழுமத்தின் கையில் இருந்ததாம், பிறகு விற்றுவிட்டார்கள். அப்படியானால் அந்த மூன்று வருடமும் கணக்கில் வருமே என்றேன். ஓம், வரும் என்றார். வந்தால் பட்டியலில் இரண்டாவது ஆவார். இது அவருக்கு என்னை விட நன்றாகத் தெரிந்திருந்தது.

"அப்புறம் ஏன் தேதியைத் தப்பா குடுத்தீங்க?"

"இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தது மனிசியின்ரை தமையன். அவர்தான் இஞ்சை ரைப் அடிக்கத் தெரிஞ்ச ஆள். கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளைக்கு எயர்லைனிலை வேலை எண்டு சொல்லியிருந்தது. பொய் இல்லைத்தானே, பிளேனுக்குள்ளைதான் வேலை. பிறகு அவரை முன்னாலை இருத்திக்கொண்டு நான் என்னத்தைச் சொல்லுறது, கக்கூசு கழுவினனான் எண்டோ? அந்த மூண்டு வருஷத்துக்கும் மொழி படிச்சது, கொம்பியூட்டர் படிச்சது எண்டு போடச் சொன்னன். அவர் போட்டார். வேலையும் கிடைச்சது."

"அண்ணிக்கும் தெரியாதா?"

"தெரியாது. பதினாலு வருஷமாச் சொல்லேல்லை. இனி லிஸ்டிலை எழுதி ஒட்டுறதோ? இஞ்சை ஒட்டினால் ஞாயிற்றுக்கிழமை கோயில்லை கதைப்பினம். கடுதாசியும் வேணும், அதை நான் எப்பவோ எறிஞ்சிட்டன். விடுங்கோ."

"வேலை போயிட்டா?"

"நாப்பத்தெட்டு வயசு. திரும்பவும் கழுவுற வேலைதான் கிடைக்கும்." இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கழுவியதில் என்ன மானக்கேடு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. புரமோஷன் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை ஹவுகெட்டோவில் அவர் வீட்டில் சாப்பாடு. மீன் வாங்க வேண்டும் என்று அவர் முன்னதாகவே கிளம்பிவிட்டார். மொஸ் போகும் ரயிலில் ஏறாதே, அது நிற்காது என்று மூன்று முறை சொல்லியிருந்தார். அது இரண்டு நிமிடம் முன்னதாக வந்தது, அதே பிளாட்பாரத்தில் வந்தது, நான் ஏறிவிட்டேன். ஹவுகெட்டோ நிலையத்தில் கையில் மீன் பையோடு அவர் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். கையை ஆட்டினேன். அவரும் மெல்லக் கையைத் தூக்கினார். ரயில் என்னை ஷீ என்ற ஊரில் கொண்டுபோய் விட்டது. அங்கே குளிரும் ஒரு பெஞ்சும் இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஷீ வடிவான இடமோ?" என்று கேட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கம் நோர்வேக்காரருக்கும் உண்டு என்பதால், அந்தக் குடியிருப்பின் படிக்கட்டு முழுக்கக் காலணிகள். எந்தத் தளம் என்று தெரியாவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் மனைவி புவனா கதவைத் திறந்தார். மழலையர் பள்ளியில் வேலை. சமையலறையில் இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் தயாராக இருந்தன. மீன்தான் என்னால் தாமதம். மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர அண்ணா மறுபடி கிளம்பினார். கதவு சாத்தியதும் புவனா அக்கா அடுப்பைக் குறைத்தார்.

"லிஸ்டிலை நாலாவது எண்டு சொன்னவர். வேறை ஒண்டும் கதைக்கிறாரில்லை. அந்தப் பழைய வேலையையும் சேத்தால் மேலை வருமெல்லோ?"

"எந்தப் பழைய வேலை அக்கா?"

"நல்லா நடிக்கிறீங்கள்." மீனைத் திருப்பிப் போட்டார். "உடுப்புத் தோய்ச்சது நான்தானே தங்கச்சி. பிளேன் டொய்லெற்றுக்கு ஊத்திற நீல மருந்து, அது காற்சட்டையிலை மணக்கும். ஒவ்வீசிலை இருக்கிற ஆளுக்கு அது என்னெண்டு வரும்? வந்து மூண்டாம் நாளே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் நீங்க ஒண்ணும் கேக்கல?"

"விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பி, கழுத்திலை ரை கட்டிக்கொண்டு போவார். எனக்குத் தெரியக்கூடாதெண்டு. அங்கை போய்த்தான் மாத்துறது. பின்னேரம் திரும்பக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு வருஷம் முழுக்க. அதைப் பாத்த பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

இடியப்பத்தை எண்ணுவது போலப் பாவனை செய்தேன்.

அவர் அறைக்குள் போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே இரண்டு தாள்கள். துப்புரவுக் கம்பெனி வேலைக்கு எடுத்த கடிதம், விலகியபோது கொடுத்த கடிதம். குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வைத்தாராம். "இந்த நாட்டிலை கடுதாசி ஒண்டையும் எறியக் கூடாது. வந்த புதுசிலை வகுப்பிலை சொல்லித் தந்தவை. அவருக்கும் சொல்லியிருப்பினம், அவர் கேட்டிருக்க மாட்டார்." உறையை என் கைப்பைக்குள் அவரே வைத்தார். "நீங்கள் குடுங்கோ. நான் குடுத்தால் அவருக்கு என்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போயிடும்."

அண்ணா மகளோடு வந்தார். நீச்சல் பற்றியும் மீன் பற்றியும் பேசினோம். நல்ல மீன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உறையை மேசையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"இது எங்காலை?"

"வீட்டுலேருந்து."

இரண்டாவது தாளையும் எடுத்துப் பார்த்தார். "எப்ப இருந்து தெரியுமாம்?"

"அவங்க வந்த மூணாம் நாள்லேருந்து."

"ரை கட்டினதும் தெரியுமோ?"

"அதைத்தான் அண்ணா பெரிசா சொன்னாங்க."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். சத்தமில்லாமல், மறைக்காமல் அழுதார். நான் அலுவலகத்தில் அழுவதில்லை என்று வைத்திருப்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு விமானத்தின் இறக்கையில் பனி உருக்கும் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இறக்கை முடிந்து மறு இறக்கைக்குப் போகும்வரை பார்த்தேன். திரும்பியபோது அவர் எழுந்து போயிருந்தார்.

தொழிற்சங்கப் பிரதிநிதி ரூனே இரண்டு கடிதங்களையும் இரண்டு தரம் படித்தார். யாருக்கோ போன் செய்தார். பிறகு, கணக்கில் வரும், ஆனால் திருத்தத்தைச் சம்பந்தப்பட்டவரே தன் கையால் சுவரிலுள்ள தாளில் எழுத வேண்டும் என்றார். வழக்கம் அப்படியாம். வெள்ளிக்கிழமைகளில் அந்த அலுவலகத்தில் வாஃபிள் சுடுவார்கள். காப்பி மெஷினுக்குப் பக்கத்தில்தான் சுடுவார்கள். ஆகவே பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பு, தட்டோடு இருபது பேர் வரிசையில் நிற்க, சிவநேசன் அண்ணா தன் பெயருக்கு எதிரே பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதியை எழுதினார். பக்கத்தில் வேலையின் பெயர்: விமானத் துப்புரவாளர். நோர்வே மொழியில், பெரிய எழுத்தில், நிதானமாக.

வரிசையில் நின்ற விமானி ஒருவர் படித்தார். "அதுதான் உன் நேரக் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது" என்றார். ஜாம் எங்கே என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் பயந்த விஷயம் ஒரு வாஃபிள் வேகும் நேரத்தில் முடிந்துபோனது.

அண்ணா ஜன்னலோரம் போய் வீட்டுக்குப் போன் செய்தார். "ஓம். எழுதிப்போட்டன். ஓம், எல்லாருக்கும் முன்னாலைதான்." பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு மூன்று வாஃபிள் சாப்பிட்டேன். அந்தப் பழுப்புச் சீஸைப் போட்டே சாப்பிட்டேன்.

ரூனே ஸ்கேலும் பேனாவும் எடுத்துவந்து வரிசை எண்களை மாற்றினார். இரண்டாவது, சிவநேசன். இரண்டாவதாக இருந்தவர் மூன்றாவது. அந்தத் தாளில் ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும் என்ற சின்ன விஷயத்தை, புதன்கிழமையிலிருந்து அன்று நண்பகல் வரை, நான் ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. மரித் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முறை வந்ததும் படித்தார். அண்ணாவின் தோளில் ஒரு நொடி கை வைத்து, "இது சரிதான்" என்றார். வெறும் தட்டை அடுக்கின் மேல் திரும்ப வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

ஒரு மணிக்கு ஹெல்கே வந்தார். இருக்கப்போகிறவருக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது, கற்றுக்கொடுப்பது போகிறவருடைய வேலை, மீதியை மரித் பார்த்துக்கொள்வார் என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

மரித் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நோட்டைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கிறாய்?"

"நாற்பத்தொன்று வரைக்கும்."

"அப்படியானால் நாற்பத்திரண்டு" என்றார். எனக்கு ஆங்கிலத்தில் புரிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.